சுரேந்திரன் கொடுத்த எர்த்

எங்கள் ஊரில் காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை யாரும் சத்தம் போடக் கூடாது என்று ஒரு தீர்மானம் இருந்தது. எழுதியவன் நான்தான். ஊராட்சி அலுவலகத்தில் எழுத்து வேலை பார்ப்பவன், எழுதச் சொன்னதை எழுதுகிறவன், அவ்வளவுதான். இருந்தாலும் தீர்மானப் பதிவேட்டைப் புரட்டும்போது அந்தப் பக்கத்தை மட்டும் வேகமாகத் தள்ளிவிடுவேன்.

அந்தத் தீர்மானத்தால் ஒருவருக்குப் பிழைப்புப் போனது. அதே தீர்மானத்தால் ஒருவருக்கு வேலை கிடைத்தது. இரண்டு பேரும் ஒரே ஆள்தான். மைக் செட் சுரேந்திரன்.

நீலகிரியில், கட்டபெட்டிலிருந்து மேலே ஏறுகிற சாலையில், வளைவை ஒட்டி அவருடைய தகரக் கடை. 'சுரேந்திரன் சவுண்ட் சர்வீஸ்' என்று பலகை. இலங்கையிலிருந்து கப்பலில் வந்து இறங்கியபோது அவருக்கு ஆறு வயது. அப்பாவும் அம்மாவும் அங்கே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள். இங்கே வந்தும் கொழுந்து பறித்தார்கள். சுரேந்திரன் ஒன்பதாவதோடு நின்று, கோத்தகிரியில் ஒரு ரேடியோ கடையில் சேர்ந்து, சால்டரிங் இரும்பைப் பிடிக்கக் கற்று, ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரை வாங்கி மைக் செட்காரர் ஆனார்.

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. மைக்கை ஆன் செய்தவுடன் பெட்டிகளிலிருந்து 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல் வருமே, ஹம் என்பார்கள், அது அவருக்கு ஆகாது. பந்தக்கால் நடுவதற்கு முன்பே வந்துவிடுவார். ஈரமான இடமாகப் பார்த்துக் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, கம்பி இறக்கி, எர்த் கொடுத்த பிறகுதான் ஸ்பீக்கரை இறக்குவார். கல்யாண வீட்டுக்காரர்களுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. "சத்தமா வெச்சாப் போதுமுங்க" என்பார்கள். அவருடைய மைக் செட்டில் உறுமல் இல்லை என்பதை இருபத்தைந்து வருடத்தில் ஒருவர்கூடக் கவனித்துச் சொன்னதில்லை. இல்லாத ஒன்றை யார் கவனிப்பார்கள்?

பிறகு பச்சைத் தேயிலை விலை விழுந்தது. விழுந்தால் எழும் என்று காத்திருந்தார்கள். அது விழுந்த இடத்திலேயே படுத்துக்கொண்டது. பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை என்று சிலர் தோட்டத்தை அப்படியே விட்டார்கள். செடிகள் மரமாயின, நடுவே காட்டெருமைகள் வந்து நின்றன. கல்யாணங்கள் மண்டபத்திலிருந்து வீட்டுக்குள் வந்தன. திருவிழா மூன்று நாளிலிருந்து ஒரு நாளாயிற்று. மைக் செட் தொழிலில் மிஞ்சியது போராட்டம் ஒன்றுதான். சிறு விவசாயிகள் சங்கத்துக்குத் தலைவர் போஜன், எங்கள் ஊர்ப் படகர் இனத்தவர். அவர் மைக்கைப் பிடித்தால் இரண்டு மணி நேரம் விடமாட்டார். தேயிலை இறங்க இறங்க, சுரேந்திரனின் பெட்டிகள் ஊர் ஊராக மேடை ஏறின.

எங்கள் ஊர் பேக்டரியும் மூடியது. விவசாயிகளிடம் இலை வாங்கி அரைத்துக்கொண்டிருந்த பேக்டரி. இரண்டு வருடம் பூட்டிக் கிடந்த கட்டடத்தைக் கோயம்புத்தூர்க்காரர்கள் ஒரு ஆராய்ச்சிக் கூடத்துக்காக வாடகைக்கு எடுத்தார்கள். மெஷின்களை இறக்கி வேலை ஆரம்பித்து எட்டு மாதம் கழித்துத்தான் அது குவாண்டம் கம்ப்யூட்டர் என்று வெளியே சொன்னார்கள். போஜனுக்கு அது தேயிலை அரைக்காது என்பது மட்டும் புரிந்தது. மறுநாளே கேட்டுக்கு முன்னால் பந்தல், மைக், உட்கார்ந்துவிட்டார்கள். பேக்டரியைத் திற, இலையை வாங்கு.

ஒன்பதாவது நாள் ஆராய்ச்சிக் கூடத்தின் டைரக்டர் பாலசுப்பிரமணியம் வெளியே வந்தார். குளிர் தாங்காத மனிதர். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் கோட்டு, காதை மூடி மப்ளர். சுரேந்திரனிடமிருந்து மைக்கை வாங்கிப் பேசினார்.

"உள்ளே நாங்க ஒரே ஒரு அணுவை வெச்சிருக்கோமுங்க. அதுல ஒரு தகவலை எழுதறோம். அதைக் கொஞ்ச நேரம் ஞாபகத்துல வெச்சிருக்கணும். அதுக்கு ஒரே எதிரி இரைச்சல். சுற்றுப்புறத்துல இருந்து வர்ற இரைச்சல். அது வந்துட்டா அணு எல்லாத்தையும் மறந்துருமுங்க."

கூட்டம் ஸ்பீக்கரைப் பார்த்தது. போஜன் எழுந்தார். "இரைச்சல்னா, எங்க மைக்கையா சொல்றீங்க?"

டைரக்டர் ஒரு நொடி யோசித்தார். அந்த ஒரு நொடியை நான் பார்த்தேன். அதற்கு அர்த்தம் அப்போது தெரியவில்லை. "எல்லா இரைச்சலும்தானுங்க" என்றார்.

பேச்சுவார்த்தை நடந்தது. பன்னிரண்டு பேருக்கு வேலை, ஊருக்குத் தெருவிளக்கு என்று அவர் சொன்னார். சங்கம் பந்தலைப் பிரித்தது. ஊராட்சி தீர்மானம் போட்டது. அதனால் நேரடியாகப் பாதிக்கப்படுபவர் என்ற முறையில், பன்னிரண்டு வேலைகளில் முதல் வேலை சுரேந்திரனுக்கு. பதவியின் பெயர் இரைச்சல் கண்காணிப்பாளர். காக்கிச் சட்டை, ஒரு நோட்டு, ஒரு பேனா. விசிலும் கேட்டுப் பார்த்தார். அதுவே இரைச்சல் என்று கொடுக்கவில்லை.

நான்கு மாதம் ஓடியது. எங்கள் ஊர் கிசுகிசுத்துக்கொண்டு வாழ்ந்தது. பள்ளிக்கூடப் பிரார்த்தனை மைக் இல்லாமல் நடந்தது. கோயில் மணியின் நாக்கில் துணி சுற்றினார்கள். வளைவில் ஹாரன் அடிக்காதே என்று பஸ் டிரைவரிடம் சொன்னதில் ஒரு ஸ்கூட்டர்காரர் சாக்கடையில் போய் விழுந்தார். வாய்விட்டுத் திட்டவும் முடியாமல் எழுந்து போனார். டீக்கடை மருதாம்பாள் டம்ளரை வைக்கிற சத்தம்கூட நோட்டில் ஏறியது. சுரேந்திரன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை.

ஒரு நாள் முற்பகல் பேக்டரிக்குப் பின்னால் உள்ள தோட்டத்தில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். சுரேந்திரனின் மனைவி கோகிலவாணியும் அதில் ஒருத்தி. மேல் வரிசையில் குனிந்திருந்த இன்னொருத்திக்குப் பின்னால் ஒரு காட்டெருமை வருவதைக் கண்டு கோகிலவாணி போட்ட கூச்சல் சாலைவரைக்கும் கேட்டது. அவள் தப்பித்தாள், எருமையும் போய்விட்டது. சுரேந்திரன் நோட்டை எடுத்தார். தேதி, நேரம், கோகிலவாணி, உரத்த குரல், ஒரு முறை.

அதை அவரே வீட்டில் போய்ச் சொன்னதுதான் தவறு.

"எருமை வருதுன்னு அவ காதுகிட்டப் போயி ரகசியமா சொல்லணுமா?" என்று கேட்டாள்.

"ஆபீஸ் நோட்டும்மா. பாத்ததை எழுதாம இருக்க ஏலாது."

"எழுதுங்க. இன்னிக்குச் சோறும் நீங்களே ஆக்கிக்கங்க. பாத்திரம் சத்தம் போடாமப் பாத்துக்கங்க."

அவர் சமைத்தாராம். இதை என்னிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

அந்த நோட்டை வாரத்துக்கு ஒரு முறை டைரக்டர் மேசையில் வைப்பது வழக்கம். ஒரு வாரம் டைரக்டர் டெல்லிக்குப் போயிருந்தார். நோட்டை ஸ்வேதாவிடம் கொடுத்தார் சுரேந்திரன். ஸ்வேதா பொள்ளாச்சிப் பெண், முப்பது வயது இருக்கும். அந்த அணுவைக் கட்டி மேய்க்கிற வேலை முழுக்க அவளுடையது. நோட்டைத் திறந்து நான்கு பக்கம் படித்தாள்.

"ஏனுங்கண்ணா, மருதாம்பாள் டம்ளர்னு எழுதியிருக்கு. இது என்னதுங்க?"

"இரைச்சலுங்க மேடம்."

அவள் சிரிக்க ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "சத்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லீங்கண்ணா. அணு இருக்கற பொட்டிக்குள்ள காத்தே கிடையாது. எல்லாத்தையும் உறிஞ்சி எடுத்துட்டோம். காத்தில்லாத எடத்துல சத்தம் எப்படிப் போகும்?"

சுரேந்திரன் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். "நாலு மாசமுங்க மேடம். ஊரே வாயைக் கட்டிட்டு இருக்கு. டைரக்டர் சாருக்கு இது தெரியாதுங்களா?"

ஸ்வேதா ஜன்னல் வழியாகக் கேட்டைப் பார்த்தாள். பந்தல் இருந்த இடத்தில் புல் முளைத்திருந்தது.

அவர் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. "அப்ப இரைச்சல்னு எதைச் சொல்றீங்க?" என்று கேட்டார். மைக் செட்காரருக்கு அது தெரிந்தே ஆக வேண்டும்.

அவள் கூட்டிக்கொண்டுபோய்த் திரையில் காட்டினாள். கறுப்புத் திரையின் நடுவே நீலமாக ஒரு புள்ளி. அதுதான் அணு. ஒரே ஒரு கால்சியம் அணு, அந்தரத்தில் மின்சாரத்தால் பிடித்து நிறுத்தியது. சாதாரணக் கம்ப்யூட்டரில் ஒரு தகவல் ஆம் அல்லது இல்லை. இந்த அணு இரண்டையும் ஒன்றாகக் கலந்து வைத்திருக்கும். அந்தக் கலவையில்தான் தகவலே இருக்கிறது. அக்கம்பக்கத்தில் மின்சாரமோ காந்தமோ துளி அசைந்தால் போதும், கலவை திரிந்துவிடும். ஒரு இரும்பு அலமாரியை நகர்த்தினாலும் திரியும். நாமே எட்டிப் பார்த்தாலும் போச்சு, ஆமாகவோ இல்லையாகவோ ஒன்றாகி நின்றுவிடும். இந்தத் தொந்தரவுகளுக்கெல்லாம் சேர்த்து அவர்கள் வைத்திருக்கும் பெயர்தான் இரைச்சல்.

"அப்படின்னா ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கலாமே?"

"அதுதாங்கண்ணா முடியாது. இந்த மாதிரித் தகவலுக்கு நகலே எடுக்க முடியாது. இயற்கையே விடாது."

பின்னால் இதை அவர் சொல்லக் கேட்டபோது எனக்கு அந்த அணுமேல் பரிதாபம் வந்தது. எங்கள் அலுவலகத்தில் மூன்று நகல் இல்லாமல் ஒரு தெருக்குழாயைக்கூட மாற்ற முடியாது.

அவர்களுடைய அணு இரண்டு மில்லி விநாடிதான் ஞாபகம் வைத்திருந்தது. ஒரு விநாடியை ஐந்நூறாகப் பங்குபோட்டால் அதில் ஒரு பங்கு. ஒரு வருடமாக அதற்கு மேல் நகரவில்லை. டைரக்டர் ஊரில் இல்லாத நாட்களில் மட்டும் கொஞ்சம் நன்றாக இருக்கும். தன் மனம் நிம்மதியாக இருப்பதால் கை சரியாக வேலை செய்கிறது என்று ஸ்வேதா நினைத்துக்கொண்டிருந்தாள். இரைச்சலை அளந்த வரைபடத்தை எடுத்துக் காட்டினாள். கீழே சின்னச் சின்ன மேடுகள், ஓரிடத்தில் கோபுரம் மாதிரி ஒன்று. அதற்கு நேராக ஐம்பது என்று எண்.

"அம்பதா?" சுரேந்திரன் கிட்டே குனிந்தார். "மேடம், இது ஹம்முங்க."

"ஆமாங்கண்ணா, கரண்ட்டோட ஐம்பது ஹெர்ட்ஸ். எல்லா லேப்லயும் கொஞ்சம் இருக்கும்."

"இது கொஞ்சமில்லீங்க. எங்கியோ எர்த் தப்பா இருக்கு."

மறுநாள் காலை அவர் காக்கிச் சட்டை போடவில்லை. பழைய டிரான்ஸ்பார்மரிலிருந்து எடுத்த ஒரு செம்புக் கம்பிச் சுருள், ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர், தலையில் ஹெட்போன். காதுக்குக் கேட்காத காந்த அலையை அந்தச் சுருள் பிடித்து உறுமலாக மாற்றிக் கொடுக்கும். சுருளை முன்னால் நீட்டிக்கொண்டு கட்டடம் முழுவதும் நடந்தார். ஊர் முழுக்க வாயை மூடியிருக்க, இரைச்சல் கண்காணிப்பாளர் பாட்டுக் கேட்டுக்கொண்டு திரிகிறார் என்று போஜனிடமிருந்து எனக்கு வாய்வழிப் புகார் வந்தது.

இரண்டு நாள் ஆயிற்று. அணு இருக்கும் மேசையின் கால்களிலேயே உறுமல் இருந்தது. அங்கிருந்து தண்ணீர் குளிரவைக்கும் மெஷினின் குழாய் வழியாகப் பழைய பேக்டரிச் சுவருக்குப் போனது. தேயிலை மோட்டார்களுக்காக அந்தக் காலத்தில் போட்ட எர்த் ஒன்று, கூடத்துக்குப் புதிதாகப் போட்ட எர்த் ஒன்று, இரண்டையும் அந்தக் குழாய் இணைத்துவிட்டிருந்தது. வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது மின்சாரம். மூன்றாவது நாள் காலையில் டைரக்டர் டெல்லியிலிருந்து திரும்பினார். பத்து நிமிடத்தில் உறுமல் நான்கு மடங்காயிற்று. சுரேந்திரன் சுருளை நீட்டியபடியே நடந்து போய் டைரக்டரின் அறைக் கதவைத் தட்டினார்.

மேசைக்கடியில் ஹீட்டர். பெரியது. பழைய அறையில் சரியான லைன் இல்லாததால், போட்டவர் மின்சாரம் திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பிக்குப் பதிலாக எர்த் கம்பியிலேயே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். டைரக்டருக்குக் குளிரும்போதெல்லாம் அத்தனை மின்சாரமும் அணுவின் காலடி வழியாகப் போய் வந்திருக்கிறது.

ஸ்வேதாவும் வந்து நின்றாள். சுரேந்திரன் விளக்கிச் சொன்னார். டைரக்டர் மப்ளரைக் கழற்றி மடியில் வைத்தார்.

"அப்ப, ஒரு வருஷமா நான்தான் இரைச்சலா?"

"நீங்க இல்லீங்க சார்" என்றார் சுரேந்திரன். "உங்க குளிரு."

பாலசுப்பிரமணியத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அன்றே ஹீட்டரைத் தூக்கச் சொன்னார். வெந்நீர் நிரப்பிய ரப்பர்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் குளிர்காலத்தைக் கடந்தார். ஆனால், ஊர்க் கட்டுப்பாட்டை எடுத்துவிடலாமா என்று சுரேந்திரன் கேட்டதற்கு மட்டும், "இருக்கட்டுமுங்க, பழகிட்டாங்க" என்றார்.

சுரேந்திரன் பழைய எர்த்தை வெட்டிவிட்டார். பேக்டரிக்குப் பின்னால், ஊற்றுக் கசிகிற இடத்தில், மூன்றடிக்கு மூன்றடி சதுரமாக, ஏழடி ஆழத்துக்குத் தோண்டினார். செம்புத் தகடு, கரி, உப்பு, மறுபடி கரி. எல்லா மெஷினுக்கும் அந்த ஒரே எர்த். மறுநாள் அணு பதினோரு மில்லி விநாடி ஞாபகம் வைத்திருந்தது. ஸ்வேதா எங்கள் அலுவலகம்வரை ஓடி வந்து அதைச் சொன்னாள். ஒன்பது மணிக்கு மேல் ஆகிவிட்டதால் மெதுவாகத்தான் சொன்னாள்.

அதன் பிறகுதான் அவளுடைய வித்தைகள் வேலை செய்ய ஆரம்பித்தன. அணுவைச் சுற்றிக் காந்தத்தைத் தடுக்கிற உலோகக் கூடு செய்து வைத்தாள். பிறகு இடையிடையே அணுவைத் தலைகீழாகத் திருப்பிப் போடுகிற முறை. அதைச் சுரேந்திரன் மூலமாகக் கோகிலவாணி தெரிந்துகொண்டு எனக்குச் சொன்னாள். "அஞ்சாறு பேரு ஒரே எடத்துல இருந்து மேட்டுல ஏறுறோம்னு வைங்க. ஒருத்தி வேகமாப் போவா, ஒருத்தி பின்தங்குவா. பாதியில கங்காணி திரும்புன்னா, முன்னாடி போனவளுக்குத்தான் தூரம் ஜாஸ்தி. அவங்கவங்க அதே வேகத்துல நடந்தா, எல்லாரும் ஒண்ணாத்தான் கீழ வந்து நிப்போம். அந்தப் பொண்ணு அதைத்தான் அணுவுக்குச் செய்யுது." கடைசியாக ஒரு அணுவுக்குப் பதில் ஐந்தை வரிசையாக நிறுத்தி, ஒரே தகவலை ஐந்துக்கும் சேர்த்துப் பரப்பி வைத்தார்கள். நகல் இல்லை, எந்த ஒரு அணுவிடமும் முழுச் செய்தி கிடையாது. அவற்றிடம் செய்தியைக் கேட்காமல், நீயும் பக்கத்தில் இருப்பதும் ஒத்துப்போகிறீர்களா என்று மட்டும் கேட்டு, பிசகியது எது என்று கண்டுபிடித்துத் திருத்தினார்கள். ஒன்றரை வருடத்தில் இரண்டு மில்லி விநாடி ஒன்பது விநாடி ஆயிற்று.

பணம் கொடுக்கிற கமிட்டி டெல்லியிலிருந்து பார்க்க வந்தது. இரைச்சலைத் தாங்குகிறதா என்று சோதிக்க வேண்டும் என்றார்கள். ஸ்வேதா சுரேந்திரனிடம் வந்தாள். பெரிய ஸ்பீக்கர்களில் பெரிய காந்தங்கள் இருக்கின்றன அல்லவா? எட்டுப் பெட்டிகளும் கூடத்துச் சுவரை ஒட்டி இறங்கின. ஊராட்சியில் ஒரு நாள் விலக்கு அளித்து நான் தனித் தீர்மானம் எழுதினேன். மைக்கில் யாராவது பேச வேண்டுமே என்றார்கள். போஜன் தயாராக இருந்தார். இரண்டு வருடம் அடக்கி வைத்திருந்ததை இரண்டரை மணி நேரம் பேசினார். இலைக்கு ஆதார விலை, மூடிய பேக்டரிகள், கலப்படத் தூள், எதையும் விடவில்லை. அணுக்கள் துளியும் அசையவில்லை. கமிட்டியும் அசையவில்லை.

டைரக்டர் நன்றி சொன்னார். இந்த மலையின் அமைதிக்கும் மக்களின் ஒத்துழைப்புக்கும் வெற்றியில் பெரும் பங்கு உண்டு என்றார். சுரேந்திரன் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

கமிட்டி யோசித்துப் பார்த்தது. இந்த மெஷின் இரைச்சலைத் தாங்கும் என்றால், அதை எதற்கு இவ்வளவு அமைதியான இடத்தில் வைக்க வேண்டும்? பெங்களூரில் ஆட்கள் கிடைப்பார்கள், விமான நிலையம் இருக்கிறது. மூன்று மாதத்தில் லாரிகள் வந்து ஏற்றிக்கொண்டு போயின. பன்னிரண்டு வேலையும் போயிற்று.

ஸ்வேதா மட்டும் விடவில்லை. சுரேந்திரனைப் பெங்களூருக்குக் கூட்டிப்போக எழுதிக் கேட்டு, அனுமதியும் வாங்கிவிட்டாள். அவர் ஆசைப்பட்டார் என்றே நினைக்கிறேன். ஒரு வாரம் அதையே பேசினார்.

கோகிலவாணி ஒத்துக்கொள்ளவில்லை. "நாலு வயசுல என்னைக் கப்பல்ல ஏத்தினாங்க. எங்க போறோம்னு எங்கம்மாவுக்கே தெரியாது. வந்து தோட்டத்து லயத்துல, வரிசை வீட்டுல போட்டாங்க, இதுதான் ஊருன்னாங்க. இப்ப நீங்க ஒரு ஊரு சொல்றீங்க. நான் வரலைங்க. நீங்க போறதுன்னாப் போங்க."

அவர் போகவில்லை. அவள் தடுத்ததால் நின்றார் என்று சொல்லக் கூடாது என்பார். "அங்க வேற ஆளு கிடைப்பாங்க சார்" என்பார்.

ஆறு மாதம் கழித்து அவர்களுடைய ஆராய்ச்சிக் கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் வந்தது. கடைசிப் பத்தியில், நல்ல எர்த் அமைத்துக் கொடுத்ததற்காகச் சுரேந்திரனுக்கு நன்றி என்று ஸ்வேதா ஒரு வரி சேர்த்திருந்தாள். எர்த்துக்கு அவர்கள் எழுதுகிற 'கிரவுண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தரை, நிலம் என்றும் அர்த்தம் உண்டாம். ஒரு செய்தித்தாளின் உள்ளூர் நிருபர் அதைத் தமிழில் இப்படிப் போட்டார்: 'குவாண்டம் ஆய்வுக்கு நல்ல நிலம் வழங்கிய நீலகிரித் தொழிலாளி. உலக விஞ்ஞானிகள் நன்றி.' கூடவே சுரேந்திரனின் போட்டோ.

மருதாம்பாள் அன்று அவருக்கு டீ இலவசமாகக் கொடுத்தாள். போஜன் மட்டும் பேப்பரோடு என்னிடம் வந்தார். "லயத்துல இருக்கறவருக்கு ஏது நிலம்? எப்ப வாங்கினாரு? யாருகிட்ட?" நான் விளக்கினேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

இன்னொரு இடத்திலும் அந்தப் பேப்பரைப் படித்தார்கள். சுரேந்திரனும் கோகிலவாணியும் வீட்டுமனைப் பட்டா கேட்டுப் பதினான்கு வருடமாக மனு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வருடம் அவர்கள் பெயர் பட்டியலில் வந்திருந்தது. செய்தி வந்த பதினெட்டாம் நாள் கடிதம் வந்தது. மனுதாரர் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு நிலம் தானமாக வழங்கும் நிலையில் உள்ளவர் என்று தெரியவருவதால், நிலமற்றோர் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறார்.

நான் அவரோடு கடிதம் அனுப்பிய தாலுகா அலுவலகத்துக்குப் போனேன். ஸ்வேதாவிடமிருந்து விளக்கக் கடிதம் வாங்கி வைத்திருந்தோம். கிளார்க் நல்ல மனிதர்தான், அவினாசிப் பக்கம். கடிதத்தை முழுதாகப் படித்தார்.

"நெலம் குடுக்கலை, எர்த்துதான் குடுத்தாருன்னு எழுதியிருக்காங்க."

"ஆமாங்க" என்றேன்.

"எர்த்துன்னாலும் நெலம்தானுங்களே?"

"கம்பிங்க சார். மண்ணுக்குள்ள போடறது" என்றார் சுரேந்திரன்.

"மண்ணுக்குள்ளன்னா யாரோட மண்ணு?"

சுரேந்திரன் என்னைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடம் அரசாங்கத் தாள் எழுதியவன் நான். கடிதத்தை மறுபடி கிளார்க் பக்கம் நகர்த்தி வைத்தேன். நேரில் வந்து பார்த்து அறிக்கை கொடுத்தால்தான் ஆகும் என்றார் கிளார்க்.

இரண்டு மாதம் கழித்து வருவாய் ஆய்வாளர் வந்தார், கூட ஒரு உதவியாளர், கையில் டேப். பூட்டிய பேக்டரிக்குப் பின்னால் கூட்டிப்போனோம். சிமெண்ட் மூடியைத் தூக்கிக் காட்டினார் சுரேந்திரன். ஆய்வாளர் எட்டிப் பார்த்தார்.

"இதைத்தான் வழங்கினீங்களா?"

"இதைத்தானுங்க."

டேப்பைப் பிடித்து அளந்தார்கள். நீளம் மூன்றடி, அகலம் மூன்றடி. எழுதிக்கொண்டார்கள். ஆழம் எவ்வளவு என்று கேட்டு அதையும் எழுதிக்கொண்டார்கள். அறிக்கையின் நகல் எனக்கும் வந்தது. 'மனுதாரர் மேற்படி நிறுவனத்துக்கு வழங்கியது ஒன்பது சதுர அடி. உள்ளே கரியும் உப்பும் காணப்படுகிறது. சாகுபடிக்கு ஏற்றதல்ல. எனவே மனுதாரரை நிலமற்றவராகக் கருதலாம்.'

தான் நிலம் கொடுக்கவே இல்லை என்று எழுதச் சொல்ல வேண்டும் என்றார் சுரேந்திரன். நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். கருதலாம் என்றே இருக்கட்டும்.

பெயர் மறுபடியும் பட்டியலின் அடியில் சேர்ந்தது. மேலே வர இரண்டு வருடம் ஆயிற்று. இதற்கிடையில் அவர் வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் எர்த் போட்டுக் கொடுக்கிற வேலை பார்த்தார், குன்னூர்வரை கூப்பிட்டார்கள். போன மாசியில் கோகிலவாணியின் பெயரில் பட்டா வந்தது, இரண்டு சென்ட், கோத்தகிரிச் சாலைக்குக் கீழே. பார்க்கப் போனபோது என்னையும் கூப்பிட்டார்கள். அளவுக் கல்லைக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆனது. அவ்வளவு சரிவு. கோகிலவாணி ஒரு சவுக்கு மரத்தைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள்.

"இதுல எங்கங்க வீடு கட்டுறது?"

சுரேந்திரன் செருப்பைக் கழற்றி மேலே போட்டுவிட்டு, வெறுங்காலை மண்ணில் ஊன்றிப் பார்த்தார். வழுக்கியது. மறுபடி ஊன்றினார்.

"மொதல்ல நிக்கப் பழகுவோம்" என்றார்.